நேரில் பார்த்துத் திருப்தியடைந்து

சென்னையில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கக் கிளம்புங்கள். முதலில் உங்களைப் பரிசோதிப்பார்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, படிவம் 16, சிபில் மதிப்பெண். என்றைக்கோ கிரெடிட் கார்டில் நானூறு ரூபாய் பாக்கி வைத்த பாவம் எழுந்து வந்து சாட்சி சொல்லும். அடுத்து பத்திரங்களைப் பரிசோதிப்பார்கள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று. அமெரிக்கா போய்விட்ட ஒரு சித்தப்பா மகளின் கையெழுத்து இல்லை என்று வக்கீல் கண்டுபிடித்து, அதற்கு ஒரு விடுதலைப் பத்திரம் கேட்பார். பிறகு திசைகளைப் பரிசோதிப்பார்கள். வாஸ்து நிபுணர் காம்பஸோடு வந்து, ஈசானிய மூலையில் கழிவறை இருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, சுவரில் ஒரு செம்புத் தகட்டை அறையச் சொல்வார். ஆணி இறங்கியதும் காரை பொலபொலவென்று உதிரும். தோஷம் வெளியேறுகிறது என்பார்.

இத்தனை பேர் வந்து போன இடத்தில் யாரும் பார்க்காத ஒன்று மிச்சமிருக்கிறது. வீடு.

முப்பதாயிரம் ரூபாய்க்குப் பழைய ஸ்கூட்டர் வாங்கப் போனால் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அவர் உதைத்துப் பார்ப்பார், சைலன்சரில் கைவைத்துப் புகையை மோந்து பார்ப்பார், "வேணாம் சார், இன்ஜின் பிரிச்சு மாட்டினது" என்று காதில் சொல்வார். எண்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு மாமனாரைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அவர் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, "ஸ்ட்ராங்காத்தான் இருக்கு மாப்ளே" என்பார். அவர் ஓய்வு பெற்றது கருவூலத்தில்.

ஒரு பொறியாளரை அழைத்து வரட்டுமா என்று தரகரிடம் கேட்டுப் பாருங்கள். "எதுக்கு சார்? ஓனர் தப்பா எடுத்துப்பாரு. ரிட்டயர்டு ஆபீசர், பூஜை புனஸ்காரம்னு இருக்கிற மனுஷன்." வீட்டைச் சந்தேகப்பட்டால் ஓனரின் ஒழுக்கத்தைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம். உங்கள் சம்பளச் சீட்டைச் சந்தேகப்பட்டபோது உங்கள் மனம் புண்படுமே என்று ஒருவரும் கவலைப்படவில்லை. கொஞ்சம் தயங்கினால் அடுத்த அஸ்திரம் பாயும்: "இன்னும் ரெண்டு பார்ட்டி டோக்கன் அட்வான்ஸோட நிக்கறாங்க சார்." அந்த இரண்டு பார்ட்டிகளை இந்த நகரத்தில் யாரும் கண்ணால் கண்டதில்லை. எல்லா வீட்டு வாசலிலும் அதே இரண்டு பேர்தான் நிற்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

வாங்குகிறவரைக் கேலி செய்வது சுலபம். இந்த வியாபாரத்தில் 'பார்க்கிறேன்' என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் பக்கம் திரும்பினால் சிரிப்பு நின்றுவிடுகிறது. "பேங்க்காரனே லோன் குடுத்துட்டான், அப்புறம் என்ன?" என்பது நடுத்தர வர்க்கத்தின் வேதவாக்கு. வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்புகிறது, உண்மைதான். கட்டணம் உங்கள் தலையில், அறிக்கை வங்கியின் கோப்பில். அவர் வந்து வாசலில் ஒரு படம், ஹாலில் ஒரு படம், அடுப்படியில் ஒரு படம் எடுப்பார். நான்கு எல்லையும் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அக்கம்பக்கத்தில் சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிப்பார். அறிக்கையில் கட்டடத்தின் எதிர்கால ஆயுள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 50 ஆண்டுகள் என்று எழுதி, பக்கத்திலேயே 'முறையான பராமரிப்புக்கு உட்பட்டு' என்று ஒரு வாலையும் ஒட்டுவார். எந்தத் தூணையும் தட்டாமல், பாத்ரூம் கூரையில் படர்ந்திருக்கும் கறையை அண்ணாந்தும் பார்க்காமல் ஐம்பது வருட ஆயுளைக் கணித்துச் சொல்லும் இந்தத் திறமை நாடி ஜோதிடர்களுக்குக்கூட வாய்க்கவில்லை. அவர்கள் கட்டைவிரல் ரேகையாவது கேட்கிறார்கள்.

வங்கி தன் பணத்துக்காகப் பார்க்கிறது. தவணை முடியும்வரை சொத்து விலை போனால் அதற்குப் போதும். விலை போகாவிட்டாலும் உங்கள் சம்பளம் இருக்கிறது, ஜாமீன் போட்ட மைத்துனர் இருக்கிறார்.

அரசாங்கம் இதில் இன்னும் பெரிய பங்காளி. பழைய ஃபிளாட்டின் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எண்பது லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். இவ்வளவு வாங்கிக்கொண்டு அரசு கட்டடத்தைப் பார்ப்பதே இல்லை என்று சொன்னால் அபாண்டம். பதிவுத் துறையில் களப்பணி என்று ஒன்று இருக்கிறது. வருவார்கள். பத்திரத்தில் எழுதாமல் மறைத்த அறை உண்டா, மொட்டை மாடியில் கூடுதலாக எதையாவது எழுப்பியிருக்கிறீர்களா, தரை கிரானைட்டா மொசைக்கா, கதவு தேக்கா நாட்டு மரமா என்றெல்லாம் பார்ப்பார்கள். தேக்கு என்றால் மதிப்பு கூடும், தீர்வையும் கூடும். அந்தத் தேக்கை உள்ளே கறையான் தின்று முடித்துவிட்டதா என்பது களப்பணியில் வராது. அரசின் கண்ணுக்குக் கட்டடத்தில் தெரிகிற ஒரே ஓட்டை, வருவாயில் விழுகிற ஓட்டை.

கட்டும்போதே பார்த்திருப்பார்களே என்பீர்கள். திட்ட அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். கட்டடத்தின் உறுதிக்கு விண்ணப்பதாரரும் அவருடைய பொறியாளருமே பொறுப்பு என்று நிபந்தனைகளுக்கு நடுவில் ஒரு வரி படுத்துக்கிடக்கும். பக்கவாட்டில் எத்தனை மீட்டர் விட்டீர்கள், எத்தனை கார் நிறுத்தலாம், மழைநீர் சேகரிப்புக் குழி எங்கே என்பதற்கெல்லாம் அனுமதி உண்டு. கட்டடம் நிற்குமா என்பது உங்களுக்கும் கடவுளுக்கும் இடையே உள்ள விவகாரம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளிகள். புறம்போக்கில் திருட்டுத்தனமாக எழுப்பிய கட்டடமில்லை அது. நகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவின் அனுமதி வாங்கியது. பக்கத்திலேயே நின்ற அதன் இரட்டையை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஊரே கூடி நின்று செல்போனில் படம் பிடித்தது. ஒன்று விழுந்ததால்தான் இன்னொன்று ஆபத்து என்று தெரிந்தது. முதலாவது மட்டும் இன்னும் கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தால் இரண்டிலும் பால் காய்ச்சியிருப்பார்கள்.

சட்டமே இல்லையா? இருக்கிறது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14(3) பிரிவைப் பொன்னெழுத்தில் பொறித்து மாட்டலாம். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். கட்டடங்களுக்கும் இந்தச் சட்டம் தெரிந்திருக்கிறது போல. ஐந்து மழைக்கு வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு ஆறாவது மழைக்கு ஒழுகுகின்றன. அதற்கும் முன்னால் 3-ஆம் பிரிவு ஒன்று வாசலில் நிற்கிறது. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாவிட்டால், அல்லது வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டால், திட்டத்தைப் பதிவு செய்யவே தேவையில்லை. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு சேர்த்தாலும் 446 சதுர மீட்டர்தான். மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் தாத்தா கட்டிய வீட்டை இடித்துவிட்டுக் கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே ஆறு ஃபிளாட் என்று எழுப்புகிறார்களே, அவற்றுக்குக் கணக்குப் போட்டு வெட்டிவைத்த வாசல் மாதிரி இருக்கிறது அந்த எண். இந்த நகரத்து நடுத்தரக் குடும்பம் தன் ஆயுள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுவது பெரும்பாலும் அந்த ஆறு ஃபிளாட்டுகளில் ஒன்றில்தான்.

குறையைக் காட்டினால் வருகிற பதில்களுக்கும் ஒரு வரிசை உண்டு. முதல் வருடம்: "ஹேர்லைன் கிராக் சார், பிளாஸ்டரிங்ல வர்றது. எல்லா பில்டிங்லயும் வரும்." இரண்டாம் வருடம்: "செட்டில்மென்ட் சார். புது பில்டிங் கொஞ்சம் உக்காரும்." மூன்றாம் வருடம்: "மேல் வீட்டு பாத்ரூம்ல இருந்து வருது சார், அவங்ககிட்ட பேசுங்க." நான்காம் வருடம்: "அசோசியேஷன் மெயின்டனன்ஸ் சார்." ஐந்தாம் வருடம்: நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.

அந்த ஹேர்லைனுக்குள் என்ன நடக்கிறது என்று எந்தக் கட்டடப் பொறியாளரும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லிவிடுவார். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே போதுமான கான்கிரீட் இருக்க வேண்டும். கடற்கரைச் சூழலுக்கு ஐஎஸ் 456 தரநிர்ணயம் 45 மில்லிமீட்டர் கேட்கிறது. அந்த இடைவெளியைக் காக்கத்தான் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்பது. பல சைட்டுகளில் கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கீழே கிடந்த ஜல்லியை எடுத்துச் செருகுகிறார்கள். வைப்ரேட்டர் ஓடும்போதே அது நழுவிவிடும். கம்பி பலகையோடு பலகையாகப் படுத்துக்கொள்ளும். க்யூரிங்குக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய ஆள் அன்றைக்கு வேறு சைட்டில் இருப்பார். பிறகு உப்புக்காற்றும் ஓதமும் உள்ளே போகும், கம்பி துருவேறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லையென்றால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் பழைய பால்கனிகளின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள், இந்தப் பாடம் முழுவதும் படத்தோடு இருக்கிறது.

விற்பனைக்கு வரும்போது அந்தப் படத்தின் மேல் இரண்டு கோட்டுப் பட்டி, ஒரு கோட்டு ஐவரி பெயின்ட். வாசலில் மாவிலைத் தோரணம்.

1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம் வெள்ளைக்காரன் எழுதியதுதான். ஆனால் அதற்கு இந்தப் பெயின்ட்டைப் பற்றித் தெரிந்திருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 55-ஆவது பிரிவு. எவ்வளவு நியாயமான ஏற்பாடு! அவருக்குத் தெரியும் என்பதை நீங்கள் நிரூபித்தால் போதும். அதற்குச் சாட்சி ஒரு பெயின்டர், அவர் இப்போது எந்த ஊரில் எந்தச் சாரத்தில் தொங்குகிறாரோ. எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்களே உங்கள் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். 'சொத்தை நேரில் பார்த்துத் திருப்தியடைந்து' என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது நிமிடம், ஓனர் வீட்டம்மா கொடுத்த காபியோடு, ஷோகேஸையும் மீன் தொட்டியையும் பார்த்து நீங்கள் திருப்தியடைந்தது சட்டப்படி செல்லும்.

கறையானைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மொத்த வியாபாரத்திலும் கட்டடத்தை ஒழுங்காகப் பரிசோதிக்கிற ஒரே ஜீவன் அதுதான். கமிஷன் கேட்காது, ஓனரின் மனம் புண்படும் என்று தயங்காது. மண்ணிலிருந்து புறப்பட்டு, ஈரம் எங்கே இருக்கிறது என்று தேடி, அடித்தளத்து விரிசல் வழியாக நுழைந்து, குழாய் போகிற ஷாஃப்டைப் பிடித்து மூன்றாம் மாடி வரை ஏறி, நிலைச்சட்டத்தையும் லாஃப்ட் பலகையையும் உள்ளிருந்து தின்று, பெயின்ட்டை மட்டும் உங்களுக்காக விட்டுவைக்கும். சுவரோரம் ஓடும் மெல்லிய மண்கோடுதான் அது எழுதிக் கொடுக்கும் அறிக்கை. அந்த அறிக்கையையும் விற்பவர் வீட்டைக் காட்டுவதற்கு முந்தின நாள் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்.

இதைத் தடுக்க ஐஎஸ் 6313 என்று ஒரு தரநிர்ணயம் பல காலமாக இருக்கிறது. தரை போடுவதற்கு முன் பீடத்து மண்ணில் சதுர மீட்டருக்கு 5 லிட்டர், அஸ்திவாரப் பக்கங்களில் 7.5 லிட்டர் என்று மருந்துக் கரைசலின் அளவு வரைக்கும் அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். பில்டரின் வழவழப்பான கையேட்டிலும் 'ஆன்டி டெர்மைட் ட்ரீட்மென்ட்' என்ற வரி தவறாமல் இருக்கும், மாடுலர் கிச்சனுக்கும் வீடியோ டோர் போனுக்கும் நடுவில். எந்த மருந்து, எத்தனை லிட்டர், எந்தத் தேதியில், அடித்த நிறுவனத்தின் பில் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். மருந்தின் பெயர் அச்சில் இருக்கும், மருந்து ட்ரம்மில் இருக்கும், ட்ரம் அடுத்த சைட்டில் இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் வீடு வாங்குகிறவர்கள் கட்டடப் பரிசோதனையையும் பூச்சிப் பரிசோதனையையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனித் தரநிர்ணயம் உண்டு. தலைநகர் கான்பராவில் தனி வீட்டை விற்கிறவரே அந்த அறிக்கைகளை வாங்கி ஒப்பந்தத்தோடு இணைக்க வேண்டும், செலவை வாங்குகிறவர் பிறகு ஈடுசெய்கிறார். அங்கே தேவர்கள் வாழவில்லை. சிட்னியில் 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஓபல் டவரில் விரிசல் கண்டு குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். அடுத்த ஜூனில் மாஸ்கட் டவர்ஸ். பரிசோதனைகளுக்கும் தப்பிக்கிற கட்டடங்கள் எங்கும் உண்டு. ஆனால் விற்கிறவர் சொல்வது பொய்யாக இருக்கலாம் என்கிற சாத்தியத்தை அந்த ஊர் சட்டமாக எழுதிவைத்திருக்கிறது. நம்மூரில் அதைச் சொன்னால் மரியாதைக் குறைவு.

இதெல்லாம் கடன் வாங்கி ஃபிளாட் வாங்க முடிந்தவர்களின் கதை. ஒதுக்கீட்டு ஆணையில் வீடு பெறும் ஏழைகளுக்கு வாங்குமுன் பரிசோதனை என்ற பேச்சே கிடையாது. அவர்கள் விரலால் பரிசோதித்தார்கள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கேபி பூங்காக் குடியிருப்பில் புத்தம்புதுச் சுவரை விரலால் சுரண்டினால் பூச்சு மாவாக உதிர்வதை நாடே காணொளியில் பார்த்தது. அதன்பிறகுதான் ஐஐடி நிபுணர்கள் வந்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கட்டடத்தில் ஒரு குடிசைவாசியின் நகம் கண்டுபிடித்ததை, பில் பாஸ் செய்த ஒரு பேனாவும் கண்டுபிடிக்கவில்லை. அதே வருடம் டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. ஒரு உயிரும் போகவில்லை. விரிசலைப் பார்த்துவிட்டுக் குடியிருந்தவர்கள் கட்டடம் விழுமுன்னே கையில் கிடைத்ததோடு வெளியேறியிருந்தார்கள். அந்த விரிசலை 'ஹேர்லைன் சார்' என்று சொல்ல அங்கே யாரும் இல்லாமல்போனது அவர்கள் செய்த புண்ணியம்.

எனவே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். ஒன்பது சதவீதம் வாங்குகிற அரசு, தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கையும் பூச்சிப் பரிசோதனை அறிக்கையும் இணைக்காத எந்தப் பழைய கட்டடத்தின் கிரயத்தையும் பதிவு செய்யக் கூடாது. தேக்கா நாட்டு மரமா என்று பார்க்க ஆள் அனுப்ப முடிகிறதென்றால் அந்த மரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கவும் முடியும். நம் காசில் எழுதிய மதிப்பீட்டு அறிக்கையின் நகலை வங்கி நமக்கே தர வேண்டும். இரண்டு கிரவுண்டுக்குள் கட்டுகிறவருக்கும் ஐந்து வருடப் பொறுப்பு இருக்க வேண்டும், சின்னக் கட்டடம் விழுந்தால் சின்னதாகவா வலிக்கும்?

சட்டம் வரும்வரை வீடு வாங்கப் போகிற நீங்கள் காத்திருக்க முடியாது. தரகர் சொல்கிற பொறியாளரை விட்டுவிட்டு நீங்களே ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். ரீபவுண்ட் ஹாம்மரும் ஈரமானியும் வைத்திருப்பவராக, தூணிலும் பீமிலும் பாத்ரூம் அடிப்பக்கத்திலும் மொட்டை மாடித் தட்டோட்டிலும் கை வைத்துப் பார்ப்பவராக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், அப்போது எந்தப் பெயின்ட்டும் பொய் சொல்லாது. பீரோவை நகர்த்தச் சொல்லுங்கள், நிலைச்சட்டத்தின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், கீழ் வீட்டுக்காரரிடம் அவர் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று கேளுங்கள். பொறியாளரின் கையெழுத்திட்ட அறிக்கை உங்கள் கைக்கு வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பொறியாளரை உள்ளே விடமாட்டேன் என்கிற ஓனருக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸும் கொடுக்காதீர்கள்.